ஜூடி சொல்லாமல் விட்ட வரி

சைமனை ஜூடிக்குப் பிடிக்காமல் போக, அவன் காலில் கிடந்த வெள்ளை ஷூவே போதுமானதாக இருந்தது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கு வெள்ளை ஷூ போட்டு வருகிறவன் ஒன்று வழி தவறி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கே போகிறோம் என்று யாரையும் கேட்காமல் கிளம்பியிருக்க வேண்டும். சைமன் இரண்டாவது ரகம். கேட்டில் காரை விட்டு இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள் ஷூ சாம்பல் பூத்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் காகிதம் வாங்கி, வந்த வேலையை ஒத்திவைத்துவிட்டுப் பத்து நிமிடம் துடைத்தான். ஜூடி மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இறங்கி வந்து வணக்கம் சொல்லத் தோன்றவில்லை.

ஜூடிக்கு நாற்பத்திரண்டு வயது. ராயபுரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டவள். அப்பா இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கீழே நின்று கை காட்டும் வேலை பார்த்தவர். டிப்ளமோ முடித்த கையோடு ஜூடி இந்த யார்டில் சேர்ந்தாள். கப்பல் ஏறப் போகிற கன்டெய்னர்களும் கப்பலிலிருந்து இறங்கியவையும் தங்கிப் போகிற இடம். எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கேபினில் உட்கார்ந்து கன்டெய்னர் எண்களை டைப் அடிப்பது அவளுடைய முதல் வேலை. எடை போடுகிற பஷீர் பாய்க்கும் அவளுக்கும் ஒரே கேபின், ஒரே மின்விசிறி. அவர்தான் அவளுக்கு டிரெய்லர்களின் வகைகளையும், எந்த டிரைவர் எடையில் கை வைப்பான் என்பதையும் சொல்லிக் கொடுத்தவர்.

கம்ப்யூட்டர் நின்று போனால் ஜூடி பிரித்துப் பார்ப்பாள். அவள் பிரித்ததில் பாதி ஓடியது. மற்றவர்கள் பிரித்ததில் எதுவுமே ஓடவில்லை. அந்தக் கணக்கில் அவளை மாடிக்கு அழைத்துக்கொண்டார்கள். கேபிள் இழுப்பதிலிருந்து சர்வர் பார்ப்பது வரை எல்லாம் அவள் தலையில் விழுந்தது. பதவியின் பெயர் மட்டும் அன்றும் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்', இன்றும் அதே.

பதினோரு வருடங்களுக்கு முன் பழைய ஃபயர்வால் வந்தது. யார்டு கம்ப்யூட்டர்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே நிற்கிற காவல் பெட்டி அது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று ஒவ்வொன்றாக அதில் எழுதிவைக்க வேண்டும். விற்றவன் பெட்டியை ரேக்கில் மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனவன், பிறகு போனை எடுக்கவே இல்லை. ஜூடி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கையேட்டைப் படித்துத் தானே எழுதி முடித்தாள். பதினோரு வருடத்தில் அது முந்நூற்று எண்பது விதிகளாக வளர்ந்திருந்தது. எது எதற்கு, யார் கேட்டது, எந்தத் தேதி என்று ஒரு நீள நோட்டில் தமிழில் குறித்துவைத்திருந்தாள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் அவள் சைமன் வந்திருந்த கூட்டத்துக்குப் போனாள்.

பழைய பெட்டிக்குக் கம்பெனிக்காரன் இனிமேல் எந்தப் புதுப் பாதுகாப்பும் அனுப்ப மாட்டானாம், அதனால் புது மாடல். இதை ஜூடி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலாளியின் மகன் அஜின் ஏதோ ஓட்டல் கருத்தரங்கில் அதையே ஒரு கோட்டுக்காரர் வாயால் கேட்டுவிட்டு வந்ததும் அவசரம் பிறந்தது. அஜின் வெளிநாட்டில் ஒரு வருடம் படித்தவன். படித்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் படித்ததை ஒரு நாளும் மறக்கவிடமாட்டான்.

புதுப் பெட்டியை விற்று மாட்டிக் கொடுக்க வந்த சைமன் திரையில் படம் காட்டினான். முதல் படத்தில் ஒரு பூட்டு. இரண்டாவதில் இன்னும் பெரிய பூட்டு. மூன்றாவதில் உலக உருண்டையைச் சுற்றிச் சங்கிலி. பிறகு ஜூடியின் பக்கம் திரும்பி, "போர்ட்னா ஒரு கதவு மாதிரி மேம், சிம்பிளா சொல்லணும்னா," என்று விளக்க ஆரம்பித்தான்.

துறைமுகத்தான் பெண்ணுக்கு போர்ட் என்றால் என்னவென்று பாடம். ஜூடி நோட்டை மேசையில் அவன் பக்கம் தள்ளினாள்.

சைமன் ஒரு பக்கத்தைப் புரட்டினான். "கையெழுத்தா இருக்கே மேம். அதுவும் தமிழ்ல." மூடிவிட்டான். "இது தேவைப்படாது. எங்ககிட்ட டூல் இருக்கு. பழைய பெட்டில இருக்கறத உள்ள போட்டா, புதுப் பெட்டிக்கு ஏத்த மாதிரி அதுவே மாத்திக் குடுத்துடும்."

"எல்லாம் வராது," என்றாள் ஜூடி.

"நைன்டி நைன் பர்சன்ட் வந்துரும் மேம்."

"வராத அந்த ஒண்ணு இன்னாதுன்னு தெரிமா?"

'இன்னாது' என்ற சொல் காதில் விழுந்ததும் சைமனின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. அவன் அஜினைப் பார்த்தான். அஜினும் சிரித்தான். இரண்டு சிரிப்பையும் ஜூடி பார்த்தாள். "ஜூடி, அவங்க எக்ஸ்பர்ட்ஸ்," என்றான் அஜின், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரலில்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

அந்த ஒன்று எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எடைமேடையில் ஓடுகிற மென்பொருள் பழையது. அதை எழுதியவர் வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்து, கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். காலையில் அது பாரிமுனை தலைமை அலுவலகத்து சர்வரோடு ஓர் இணைப்பைப் பிடிக்கும். சாயங்காலம் வரை அந்த ஒரே இணைப்புதான். ஆனால் ஃபயர்வாலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் கிடக்கிற இணைப்பைச் செத்ததாகக் கணக்கிட்டுக் கத்தரித்துவிடும். மத்தியானத்தில் டிரைவர்கள் சாப்பாட்டுக்கு ஒதுங்கும்போது எடைமேடை ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா கிடக்கும். அதற்குப் பிறகு ஏறுகிற முதல் வண்டிக்கு மென்பொருள் உறைந்து நிற்கும். முன்னொரு காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஜூடிக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்த இணைப்பை மட்டும் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவை என்று பழைய பெட்டியில் ஒரு கட்டளை எழுதினாள். அது விதிப் பட்டியலில் வராது, திரையிலும் தெரியாது, தனியாகக் கட்டளையாக அடித்தது. சைமனின் டூல் அதை எடுக்காது என்று அவள் அடித்துச் சொல்லியிருப்பாள், யாராவது கேட்டிருந்தால்.

கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி மாறியது. சைமன் இரண்டு பேரை அழைத்து வந்தான். அவர்கள் கேபிளைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் செருகினார்கள். எந்தக் கேபிள் எங்கே என்று ஜூடியைக் கேட்டுக் கேட்டுத்தான் செருகினார்கள். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கை கட்டி நின்றார்கள். எல்லாம் ஓடியது. எடைமேடையில் ஒரு காலி வண்டியை ஏற்றிப் பார்த்தார்கள், எடை பாரிமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. அஜின் கேக் வாங்கி வரச் சொன்னான். கேக்கின் மேல் கிரீமில் ஒரு பூட்டு வரைந்திருந்தது. எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே அந்தப் படத்தை அஜின் இணையத்தில் போட்டு, 'எதிர்காலத்தை நோக்கி' என்று எழுதியிருந்தான். ஓரத்தில் காலி அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜூடியின் பாதி முகம் வெட்டுப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு எடைமேடை உறைந்தது.

பஷீர் பாய் விசைகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அணைத்துப் போட்டார். அந்த மென்பொருள் மறுபடி எழுந்து நிற்கக் கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மேடையில் நின்ற வண்டியின் எடை போய்விட்டது. பின்னாலிருந்த வண்டிகளை நகர்த்தி, அந்த டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. வரிசை கேட்டைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலை வரை போனது. ஹாரன் சத்தம் மாடிவரை கேட்டது. ஜூடி டிபன் பாக்ஸைத் திறந்து வஞ்சிரக் குழம்பைச் சோற்றில் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அன்று குழம்பு அவளுக்கு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே கதை. அஜின் சைமனைப் போனில் பிடித்தான். சைமன் அங்கிருந்தே புதுப் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்து, கண்டுபிடித்துவிட்டேன் என்றான். ஒலிபெருக்கியில் அவன் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"லாக் தெளிவா இருக்கு சார். செஷன் க்ளோஸ்டு, ரீசன் ஐடில். அதாவது ஒரு மணி நேரமா அந்த சிஸ்டத்துல எந்த வேலையும் நடக்கல. ஐடில்னா ஆள் சீட்ல இல்ல, இல்லாட்டி இருந்தும் இல்ல. ஃபயர்வால் சைட் எல்லாமே பச்சை. இது யூசர் சைட்."

விடை அவன் கண்முன்னே எழுதியிருந்தது. படிக்கவும் செய்தான். படித்துவிட்டு, இணைப்பு சும்மா கிடந்தது என்பதை ஆள் தூங்கினான் என்று மொழிபெயர்த்துக் கொடுத்தான். இவ்வளவு படித்தவனால்தான் இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று ஜூடி நினைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு குரூரமான சந்தோஷம்தான் வந்தது. இவன் இங்கே வரட்டும். என் நாற்காலியில் உட்கார்ந்து வியர்க்கட்டும். என்னிடம் வாயைத் திறந்து கேட்கட்டும்.

ஆனால் அஜின் 'ஐடில்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். புதன்கிழமை காலை பஷீர் பாயை மாடிக்குக் கூப்பிட்டு, பணி நேரத்தில் தூங்கியதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னான்.

"நா தூங்கல சார்," என்றார் பாய். "மத்தியானத்துல வண்டியே வராது. நா இன்னாத்த எட போட்றது?"

"சிஸ்டம் பொய் சொல்லாது பாய்."

பாய்க்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருட வேலை. தூங்கவில்லை என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்ததால், இனி இப்படி நடக்காது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அவரைக் கேபினிலிருந்து எடுத்து கேட்டில் நிறுத்தினார்கள். வந்து போகிற கன்டெய்னர்களின் கதவில் இருக்கிற சீல் எண்ணைப் பார்த்துக் குறிக்கிற வேலை. வெயிலில் நின்றுகொண்டே செய்ய வேண்டியது.

அவர் கையெழுத்துப் போடும்போது ஜூடி நான்கு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. எழவில்லை. நாளைக்கு சைமன் வருகிறான், ஒரு நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று மத்தியானம் கேபினில் புது ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் தூங்காமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். மென்பொருள் உறைந்தது. அதற்கு அஜின் ஒரு விளக்கமும் தேடவில்லை.

வியாழக்கிழமை சைமன் கறுப்பு ஷூவோடு வந்தான். நான்கு மணி நேரம் ஜூடியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பெட்டி செய்கிற கம்பெனிக்கு ஒரு புகார் பதிந்தான். புகாருக்குப் பதில் வந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தான். நடுவில் ஜூடியிடம் மூன்று கேள்வி கேட்டான். காபி கிடைக்குமா, கழிப்பறை எங்கே, ஏசியைக் கொஞ்சம் கூட்ட முடியுமா. எடைமேடையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இத்தனைக்கும் அது ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெதிரே இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் தண்ணீர் பாட்டில் வாங்க ஜூடி கீழே இறங்கி கேட்டைத் தாண்டிப் போனாள். பாய் ஒரு டிரெய்லரின் பின்கதவில் குனிந்து சீல் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். எண் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும், வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"ஜூடிம்மா," என்று அவளைப் பார்த்ததும் கூப்பிட்டார். "நீ சொல்லு. நம்ம ஒரே கேபின்ல எத்தினி வருசம் குந்திகினு இருந்தோம். நா என்னிக்காச்சும் வேல நேரத்துல தூங்கிக் கீறனா?"

"இல்ல பாய்."

"வூட்ல பொண்ணுகிட்ட சொல்லல. கேபின்ல தான் கீறேன்னு சொல்லி வச்சிக்கீறேன். மூஞ்சி கறுத்துப் போச்சி, இன்னா நைனான்னு கேக்குறா."

ஜூடி தண்ணீர் வாங்கப் போகவில்லை. திரும்பி மாடிக்கு வந்தாள். "எந்திரிங்க," என்றாள் சைமனிடம்.

"ஒன் மினிட் மேம், சப்போர்ட்ல இருந்து ரிப்ளை..."

"எந்திரிங்கன்னேன்."

அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்து, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து ஆறு வரி அடித்தாள். எடைமேடையின் இணைப்புக்கு மட்டும் பன்னிரண்டு மணி நேரம். கீழே போன் போட்டு மென்பொருளை ஒரு முறை அணைத்துப் போடச் சொன்னாள். அப்புறம் மத்தியானம் வண்டி வராத நேரத்துக்குக் காத்திருந்தார்கள். ஒரு மணி பத்து நிமிடம் மேடை சும்மா கிடந்தது. பிறகு ஏறிய முதல் டிரெய்லரின் எடை ஒரு நொடியில் பாரிமுனைக்குப் போயிற்று.

அஜின் அவளைப் பார்த்தான். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நோட்டுல பதினேழாவது பக்கம்."

"டாக்குமென்டேஷன் கேப் சார்," என்றான் சைமன் உடனே. இதற்கும் ஒரு சொல் கையில் வைத்திருந்தான். "ப்ராப்பரா எக்செல்ல குடுத்திருந்தா நாங்க எடுத்திருப்போம்."

அவனுக்குப் பதில் சொல்கிற அளவுக்கு அவனை ஓர் ஆளாக ஜூடி எண்ணவில்லை. அஜினிடம் மட்டும், "பாய மறுபடி கேபினுக்கு அனுப்புங்க. எழுதி வாங்கினத கிழிங்க," என்றாள்.

"கேபினுக்கு அனுப்பிடலாம். லெட்டர் ஃபைல்ல போயிடுச்சு ஜூடி. ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கில்ல. ஆறு மாசம் கழிச்சு யாரு அதப் பாக்கப் போறாங்க."

கிழிக்க அவனுக்குக் கை வரவில்லை. கிழித்தால், தான் தப்பு செய்தது தனக்கே தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் அவன் அனுப்பிய அறிக்கையில், பிரச்சினை இரு தரப்பின் கூட்டு முயற்சியால் தீர்ந்தது என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜூடி கேபினுக்குப் போனாள். பாய் தன் நாற்காலியில் இருந்தார். திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு விசயம். இது இப்டி ஆவும்னு எனக்கு மொதல்லயே தெரியும். திங்கக்கிழமையே சரி பண்ணி இருக்கலாம். அந்த ஆளு வந்து அசிங்கப்படட்டும்னு கம்னு இருந்தேன்."

அவர் துணியை மடித்தார். "நாலு நாளா?"

"ஆமா."

"நா மேல வந்து எழுதிக் குடுத்தப்போ நீ அங்கதான் இருந்த."

"இருந்தேன்."

ஒரு டிரெய்லர் மேடையில் ஏறியது. கேபின் அதிர்ந்தது. பாய் எண்ணைப் பார்த்து அடித்து, சீட்டை அச்செடுத்து ஜன்னல் வழியே நீட்டினார். பிறகு அவளைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பையனுக்கு நா யாருன்னு தெரியாது. முதலாளி மவனுக்கும் தெரியாது. அவங்க சொன்னத நா கண்டுக்கல. உனக்குத் தெரியும்ல, மேடம்."

இருபது வருடத்தில் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. அடுத்த வண்டி ஏறியது. தள்ளிக்கொள்ளும்படி கையைக் காட்டினார்.

ஜூடி மாடிக்கு வந்து ஒரு தாளில் தமிழில் எழுதினாள். திங்கள் முதல் புதன் வரை எடைமேடை நின்றதற்குப் புது ஃபயர்வாலில் ஓர் அமைப்பு விடுபட்டதே காரணம், அது விடுபடும் என்று தெரிந்தும் தான் சொல்லவில்லை, பஷீர் பணியில் எந்தக் குறையும் இல்லை. பெயர், தேதி, கையெழுத்து. ஊழியர் கோப்புகளைப் பார்க்கிற அஜீசுன்னிசாவிடம் கொடுத்து, பாயின் கடிதத்தோடு சேர்த்துத் தைக்கச் சொன்னாள்.

அஜீசுன்னிசா படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, இத ஃபைல்ல வச்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"வச்சிடு."

கஷ்டம் வந்தது. அந்த வருடம் எல்லோருக்கும் ஊதிய உயர்வு கிடைத்தது, ஜூடிக்கு இல்லை. அஜின் அதற்கு 'கம்யூனிகேஷன்' என்று ஒரு காரணம் சொன்னான். அவன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜூடிக்குச் சிரிப்பு வந்தது. சைமனின் கம்பெனிக்கு எண்ணூர் கிளையின் ஃபயர்வாலையும் மாற்றுகிற வேலை கிடைத்தது. சைமன் மீது அவளுக்கிருந்த இளக்காரம் இம்மியும் குறையவில்லை. ஆனால் இப்போது கண்ணாடி முன் தலை வாரும்போதும் அதே இளக்காரம் சில நாள் எட்டிப் பார்த்தது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பாய் அவளிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

எண்ணூர் கிளையில் முதல் கூட்டம் ஆடி மாதத்தில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே மின்நிலையப் புகைபோக்கி. உள்ளே திரையில் அதே பூட்டு. சைமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போர்ட்னா..." என்று ஆரம்பித்தான்.

"அத அப்பால பாத்துக்கலாம்," என்றாள் ஜூடி. "மொதல்ல இங்க எடை போட்றவங்க, கேட்ல சீட்டு குடுக்கறவங்க, கிரேன் பாக்கறவங்க, எல்லாரையும் கூப்பிடுங்க. வேலையில எது எப்போ நிக்கும், எது நிக்கக் கூடாதுன்னு அவங்க வாயால சொல்லட்டும்."

அஜின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அதுக்கெல்லாம் டைம் ஆகும் ஜூடி."

"ஆவட்டும்."

அவள் எழுந்து கதவைத் திறந்து, வராந்தாவில் நின்றிருந்த காவலாளியிடம் எடைமேடைக்காரரை அழைத்து வரச் சொன்னாள். சிறிது நேரத்தில் ஓர் ஒல்லியான பெண் வந்து வாசலிலேயே நின்றாள். கையில் எடைச் சீட்டுக் கட்டு இருந்தது. உள்ளே வரலாமா என்று அஜினைப் பார்த்தாள். ஜூடி தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் வைத்திருந்த தன் லேப்டாப் பையை சைமன் எரிச்சலோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"குந்தும்மா," என்றாள் ஜூடி. "மத்தியானத்துல உன் மிசினு எவ்ளோ நேரம் சும்மா கெடக்கும், சொல்லு."